மூன்று புள்ளி சதவீதத்தை விட்டு ஃப்ரீ த்ரோவைப் பாருங்கள்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து வீரர் என்பிஏவில் (அமெரிக்கத் தொழில்முறை லீக்) தூரத்திலிருந்து குறி தவறாமல் எறியும் நல்ல ஷூட்டர் ஆவாரா என்று கணிக்க, அவருடைய மூன்று புள்ளி சதவீதத்தைவிட (தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்ததில் விழுந்த பங்கு) ஃப்ரீ த்ரோ சதவீதத்தை (எதிரணி தவறு செய்ததற்காகக் கிடைக்கும் எறிகளில் விழுந்த பங்கு) முதலில் பாருங்கள். ஃப்ரீ த்ரோ எப்போதும் அதே 15 அடி, தடுக்க ஆள் கிடையாது, அதனால் கையின் சுத்தம் அப்படியே தெரியும். ஆனால் மூன்று புள்ளி எண் முப்பது சொச்சம் ஆட்டங்களில் நாலு பந்து கூடுதலாக விழுந்தாலே மாறிவிடும், அதோடு ஆண்கள் கல்லூரி ஆட்டத்தில் 22 அடி சொச்சமாக இருக்கும் மூன்று புள்ளிக் கோடு என்பிஏவில் மூலைகளைத் தவிர 23 அடி 9 அங்குலத்துக்குப் போய்விடுகிறது. கவாய் லெனர்டைப் பாருங்கள். சான் டியகோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் அவர் எறிந்த மூன்று புள்ளிப் பந்துகளில் நான்கில் ஒன்றுதான் விழுந்தது, ஆனால் ஃப்ரீ த்ரோ 74 சதவீதம்; என்பிஏ அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 2011இல் 15ஆவது ஆளாகத் தேர்வானவர், முதல் சீசனிலேயே மூன்று புள்ளியில் 37 சதவீதத்தைத் தாண்டிவிட்டார். மார்கெல் ஃபல்ட்ஸ் நேர் எதிர்: கல்லூரியில் மூன்று புள்ளி 41, ஃப்ரீ த்ரோ வெறும் 65. 2017இல் முதல் ஆளாகத் தேர்வாகியும் தூர ஷாட் கைகூடவில்லை (தோள் பிரச்சினையும் சேர்ந்துகொண்டது, அதை மறக்கக் கூடாது).

சரி, எங்கே இது உதவாது? சீசன் முழுக்க ஐம்பது ஃப்ரீ த்ரோகூட எறியாதவரிடம் இந்த எண்ணை நம்பாதீர்கள். வளையத்தைக் காப்பதும் ரீபவுண்ட் (விழாமல் திரும்பும் பந்து) எடுப்பதுமே வேலையாக உள்ள சென்டர்களுக்கும் (வளையத்துக்கு அருகே ஆடும் உயரமான வீரர்கள்) இது பொருந்தாது, தடுப்பாட்டத் திறனைப் பற்றியும் ஒன்றும் சொல்லாது.