தலை சுற்றினாலே லோ பிரஷரா? கரையோரத்தில் அடிக்கடி நடக்கும் தவறுகள்

வாலிநோக்கம் உப்பளத்திலோ பாம்பன் கரையிலோ ஒருவர் கிறுகிறுத்து உட்கார்ந்துவிட்டால், "லோ பிரஷர்தான், மோர்ல உப்பை அள்ளிப் போட்டுக் குடு" என்பார்கள். அளக்காமலே முடிவு கட்டுவதுதான் முதல் தவறு. சர்க்கரை இறங்கினாலும், ரத்தசோகை இருந்தாலும், இதயத் துடிப்பு தாறுமாறானாலும் இதே கிறுகிறுப்புதான். பிரஷர் கூடியிருப்பவருக்கு உப்பைக் கொடுத்தால் இன்னும் ஏறும்.

90/60க்குக் கீழ் குறைவு என்பது பொதுக் கணக்கு. எந்தத் தொந்தரவும் இல்லாமல் அந்த அளவிலேயே நன்றாக வாழ்பவர்களும் உண்டு; அவர்களுக்கு மருந்து வேண்டாம். ஆனால் வழக்கமாக மேல் எண் 150 இருப்பவருக்குத் திடீரென 100 காட்டினால் அதை நல்ல பிரஷர் என்று விட்டுவிடக் கூடாது.

எழுந்ததும் கண் இருட்டுகிறது என்பவரை உட்கார வைத்து மட்டும் அளந்தால் விஷயம் பிடிபடாது. 5 நிமிடம் படுக்க வைத்து அளந்துவிட்டு, நிற்க வைத்து 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் அளக்க வேண்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால், காலுக்கு இறங்கும் ரத்தத்தை நாளங்கள் சுருங்கி மேலேற்றவில்லை என்று பொருள். பிரஷர் மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை, நாள்பட்ட சர்க்கரை நோய் எல்லாம் இதைச் செய்யும். மாத்திரையைத் தானாக நிறுத்தாமல், அளந்த எண்களை எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் மாத்திரையைத் தொடரலாமா என்று அன்றைக்கே மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது. ராத்திரி ஒன்றுக்குப் போக எழும் பெரியவர்கள், கட்டிலில் காலைத் தொங்கப் போட்டு ஓரிரு நிமிடம் இருந்துவிட்டு எழட்டும். சடாரென எழுந்து விழுந்துதான் பலருக்கு இடுப்பெலும்பு முறிகிறது.

கடலில் பாசி எடுக்கும் பெண்கள் ஒதுங்க இடமில்லை என்று தண்ணீர் குடிப்பதைத் தள்ளிப்போடுவது உடம்பைக் காயவைக்கும். உப்புநீரில் நின்றால் உடம்புக்கு உப்பும் சேராது, நீரும் சேராது. ஓஆர்எஸ் பொட்டலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக டம்ளரில் கொட்டாதீர்கள். 1 லிட்டர் பொட்டலம் என்றால் முழுதும் 1 லிட்டர் நீரில் கரைய வேண்டும். கெட்டியானால் வயிற்றுப்போக்கு கூடும்.

மயங்கியவரைத் தூக்கி நிறுத்துவதும் வாயில் சோடா ஊற்றுவதும் ஆபத்து. மல்லாக்கப் படுக்க வைத்துக் காலை ஒரு அடி உயர்த்துங்கள். நினைவு திரும்பாமல் மூச்சு மட்டும் இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். நெஞ்சுவலியோடு பிரஷரும் குறைந்திருந்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையைக் கொடுக்காதீர்கள், அது பிரஷரை மேலும் இறக்கும்.

தோல் சில்லிட்டுப் பிசுபிசுத்தாலோ, மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ, மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ உடனே 108. ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரத்துக்கே 50 கிலோமீட்டருக்கு மேல். மோர் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க அங்கே நேரமில்லை.