யூராலஜி ஆய்வாளரின் கட்டுரைப் பட்டியலை நான் வாசிக்கும் விதம்

அப்பாவுக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் என்று தெரிந்த வாரம், அண்ணன் ஒரு டாக்டரின் பெயரைச் சொல்லி, "முந்நூறு பேப்பர் போட்டிருக்கார்" என்றான். அந்த எண்ணிக்கையே இரண்டு நாள் தைரியமாக இருந்தது. மூன்றாம் நாள் ராத்திரி, மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் இணையதளமான பப்மெட்டைத் திறந்து அந்த முந்நூறையும் பார்த்தேன். பாதிக்கு மேல் சிறுநீரகக் கல். அப்பாவின் நோயைப் பற்றிப் பதினொன்று. அவர் திறமையானவர்தான், ஆனால் எங்கள் கேள்வி அவருடைய கேள்வி இல்லை.

அதன் பிறகு இன்னும் நான்கு பேரின் பட்டியலைப் படித்தேன். இப்போது தெரிந்தவர்கள் யார் கேட்டாலும் உட்கார்ந்து சொல்லித் தருகிறேன்.

முதல் வேலை, எல்லாம் ஒரே ஆளுடையதுதானா என்று பார்ப்பது. ஒரே பெயர், ஒரே முதலெழுத்து உள்ள பலரைத் தேடல் ஒன்றாகக் கலந்துவிடும். ஆய்வாளர் ஒவ்வொருவரையும் தனியாக அடையாளம் காட்டும் பதினாறு இலக்க ஆர்கிட் (ORCID) எண் இருந்தால் கவலை இல்லை. இல்லாவிட்டால் துறையையும் கூட எழுதியவர்களையும் பார்த்துப் பிரியுங்கள்.

அடுத்து, பட்டியலை அச்செடுத்து வண்ணப் பென்சில் எடுங்கள். பெயர் முதலில் இருந்தால் பச்சை: பெரும்பாலும் வேலையைச் செய்து எழுதியவர். கடைசியில் இருந்தால் நீலம்: பொதுவாக குழுவை நடத்தியவர். நடுவில் இருந்தால் அப்படியே விடுங்கள். பெரிய இம்யூனோதெரபி (உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் கொண்டே புற்றுநோயை எதிர்க்கும் சிகிச்சை) சோதனைகளில் இருபது, முப்பது பெயர்கள் வரும். நடுவில் இருப்பவர் நோயாளிகளைச் சேர்த்துக் கவனித்திருக்கலாம். அது பெரிய உழைப்பு, ஆனாலும் கேள்வியை எழுப்பியவர் அவர்தான் என்று சொல்லிவிட முடியாது.

எச்-இன்டெக்ஸ் 40 என்றால், குறைந்தது 40 முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 40 இருக்கின்றன என்று அர்த்தம். எதைப் பற்றி என்று அது சொல்லாது. நான் அதில் நேரம் செலவழிப்பதில்லை.

எண்ணிக்கையை நம்பாதீர்கள் என்று சொல்ல எனக்கு ஒரு கட்டுரை போதும். 1976இல் கனடாவில் அல்வாரோ மொராலெஸும் அவருடைய சகாக்களும் காசநோய்த் தடுப்பூசியான பிசிஜியைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்திப் பார்த்ததை எழுதினார்கள். மொத்தம் ஒன்பது நோயாளிகள். வாரம் ஒருமுறை, ஆறு வாரம். ஏன் ஆறு? அந்த மருந்து ஆறு குப்பிகளாகக் கட்டி வந்ததாம். அப்பாவுக்கும் அதே ஆறு வாரம்தான் கொடுத்தார்கள். புற்றுநோய் இம்யூனோதெரபியில் இத்தனை காலம் நிலைத்த சிகிச்சைகள் அதிகம் இல்லை. அப்படி ஒரு கட்டுரை யாருடைய பட்டியலிலும் ஒற்றை வரிதான்.

சரி, இனிதான் முக்கியமான வேலை. ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு வருட வரிசையில் போங்கள். அட்டிசோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிளாட்டினம் கீமோவுக்குப் பிறகும் முற்றிய சிறுநீர்ப்பைப் புற்றுநோயில், ஒப்பீட்டுக் குழு இல்லாத சோதனை ஒன்றில் சுமார் 15 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியது. 2016இல் அமெரிக்காவில் விரைவு அனுமதி (முழு நிரூபணம் வருமுன் தரும் அனுமதி) கிடைத்தது. கீமோவோடு நேருக்கு நேர் வைத்துப் பார்த்த 931 பேர் சோதனை 2018இல் வெளியானபோது, முதன்மை இலக்காக (சோதனை முக்கியமாக அளக்க வைத்தது) வைத்த பிரிவினரில் இடைநிலை ஆயுள் அட்டிசோலிசுமாபில் 11.1 மாதம், கீமோவில் 10.6. வித்தியாசம் நிரூபணமாகவில்லை. 2021இல் அந்தப் பயன்பாட்டை அமெரிக்காவில் நிறுவனமே திரும்பப் பெற்றது. அதே இடத்தில் இன்னொரு இம்யூனோதெரபி மருந்தான பெம்ப்ரோலிசுமாப் 10.3 மாதம், கீமோ 7.4 என்று 2017இல் ஜெயித்திருந்தது. இந்த வருடங்களில் நீங்கள் பார்க்கும் ஆள் என்ன எழுதினார்? 2016இல் புகழ்ந்துவிட்டு அதன் பின் மௌனமா, அல்லது தோற்ற முடிவையும் அதே அக்கறையோடு அலசினாரா? இரண்டாவது வகை ஆளை நான் நம்புவேன்.

சோதனைக் கட்டுரை என்றால் அதன் என்சிடி (NCT) பதிவு எண்ணை, சோதனைகளைப் பதிந்து வைக்கும் கிளினிக்கல்டிரையல்ஸ் (ClinicalTrials.gov) தளத்தில் போட்டுப் பாருங்கள். தொடங்கும்போது முதன்மை இலக்கு என்று பதிந்தது எது, கட்டுரையில் முன்னால் நிற்பது எது? இரண்டும் வேறாக இருந்தால் கட்டுரை காரணம் சொல்கிறதா என்று தேடுங்கள். அப்புறம் கட்டுரையின் கடைசியில் இருக்கும் நிதி விவரம். இந்த மருந்துகளின் சோதனையில் கம்பெனிப் பணம் இருப்பது சாதாரணம். அது ஆய்வுக்காக நிறுவனத்துக்குப் போனதா, உரையாற்றியதற்காக அவர் கைக்கே வந்ததா என்று மட்டும் பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பப் பெறப்பட்ட கட்டுரை என்றால் பப்மெட்டே அதைத் தெளிவாகக் காட்டிவிடும்.

அறுவை சிகிச்சையில் கை எப்படி என்பது இந்தப் பட்டியலில் வராது. அதை அவரிடம் சிகிச்சை எடுத்தவர்களிடமும் கூட வேலை செய்பவர்களிடமும் கேட்க வேண்டும்.

நாங்கள் கடைசியில் போன டாக்டருக்கு அறுபது சொச்சம் கட்டுரைகள்தான், பச்சையும் நீலமுமாக. பிசிஜி பலிக்காதவர்களைப் பற்றி அவர் எழுதியதை அச்செடுத்துக் கொண்டுபோய், "அப்பாவுக்கும் இப்படி ஆனால் என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். தாளை வாங்கி, இரண்டாவது அட்டவணையில் ஒரு வரிக்குக் கீழே பேனாவால் கோடு போட்டார். "இவங்களுக்கு நான் நினைச்ச அளவு பலன் கிடைக்கலை" என்று சொல்லிவிட்டு, அப்பா பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு விளக்க ஆரம்பித்தார்.