கடற்பாசிக் கரைசல்: எங்கே சறுக்குகிறோம்?

மளிகைக் கடையில் போய் ‘கடல்பாசி இருக்கா?’ என்று கேட்டால், வெள்ளையாக, வைக்கோல் மாதிரி நீளநீளமாக ஒரு பாக்கெட்டை எடுத்துத் தருவார்கள். நோன்பு மாதத்தில் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி, தட்டில் ஊற்றி வில்லை போடுவார்களே, அதேதான். அதை வாங்கி வந்து பத்து நாள் தண்ணீரில் ஊறப்போட்டு ரோஜாவுக்கு ஊற்றிவிட்டு, ‘கடற்பாசி உரமெல்லாம் சும்மா, ஒண்ணும் நடக்கலை’ என்று சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். எப்படி நடக்கும்? அது பாசியே இல்லை, அகர் அகர். பாசியைக் காய்ச்சி, கூழை மட்டும் பிரித்து உலர்த்திய பண்டம். செடிக்கு உதவக்கூடிய பொட்டாசியமும் வளர்ச்சி ஊக்கிகளும் ஆலையிலேயே தண்ணீரோடு போய்விட்டன. வாங்கினவர் தேடியது பாசி, கைக்கு வந்தது பாசியின் பசை.

பாசியைத் தண்ணீரில் ஊறவைத்துப் புளிக்கவைத்து, வடித்துச் செடிக்குக் கொடுப்பதுதான் கடற்பாசிக் கரைசல். அதற்கு வேண்டியது பதப்படுத்தாத முழுப் பாசி. ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் பாசி எடுப்பவர்களிடம் பேசினால் ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் சொல்வார்கள். பழுப்பு நிறத்தில், சின்னச் சின்னக் காற்றுக் குமிழ்களோடு கொத்தாக இருப்பது கட்டக்கோரை. மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் சிவப்புப் பாசி இனம், அகர் எடுக்கப் போகிறவை. மிதவை கட்டி வளர்ப்பது கப்பாஃபைகஸ். 2000-க்குப் பிறகு பெப்சி நிறுவனம் அதை ஒப்பந்தமுறையில் வளர்க்கச் செய்ததால் ‘பெப்சி பாசி’ என்றே பேராகிவிட்டது. வீட்டுக் கரைசலுக்கு நான் பரிந்துரைப்பது கட்டக்கோரை. ஊறவைத்தாலும் காய்ச்சினாலும் அதிகம் தொந்தரவு தராது.

மற்றவை தொந்தரவு தரும். கஞ்சிப்பாசிக்கு ஏன் அந்தப் பெயர் என்று ஒரு நிமிஷம் யோசித்தாலே தெரிந்துவிடும், காய்ச்சினால் கஞ்சியாகிவிடும். ‘சீக்கிரம் சத்து இறங்கட்டும்’ என்று அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டு, ஆறியதும் பார்த்தால் பானை முழுக்க அல்வா. ஸ்பிரேயரில் ஏறாது. மண்ணில் ஊற்றினால் மேலே ஏடு மாதிரி உறைந்து நிற்கும். கப்பாஃபைகஸும் அப்படித்தான். அதைக் காய்ச்சக்கூடாது, பச்சையாகவே அரைத்துச் சாறு பிழிய வேண்டும். பாவ்நகரில் தலைமையகமும் மண்டபத்தில் கிளையும் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய முறை அதுதான். காய்ந்த கப்பாஃபைகஸை வாங்கி ஊறவைத்துச் சாறு எடுக்கப் பார்ப்பவர்கள் மெனக்கெட்டதுதான் மிச்சம்.

கரைக்குப் போய் நாமே அள்ளிக்கொள்ளலாமே என்று சிலர் கிளம்பிவிடுகிறார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே போய்ப் பாசி பறிப்பது சட்ட விரோதம். வேறு இடத்திலும் பாறையில் உயிரோடு ஒட்டியிருப்பதைப் பிய்க்க வேண்டாம். மீன் குஞ்சுகளின் வீடு அது. தலைமுறையாகப் பாசி எடுத்துப் பிழைக்கிற பெண்கள்கூட மாதத்தில் இத்தனை நாள்தான், வருஷத்தில் இத்தனை நாள் ஓய்வு என்று தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். அந்த முயற்சியை முன்னின்று நடத்திய பாம்பன் சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015-ல், தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்கு அமெரிக்க அமைப்பு ஒன்று தரும் சீகாலஜி விருது கிடைத்தது. நாலு தொட்டிச் செடிக்காக நாம் அங்கே கை வைப்பது நியாயமில்லை. விலை கொடுத்து வாங்கலாம், அல்லது அலை தானாகக் கொண்டுவந்து கரையில் ஒதுக்கியதைப் பொறுக்கலாம்.

ஒதுங்கியதிலும் ஒரு சிக்கல். பச்சை நாடா மாதிரி, வேரும் கணுவுமாகக் கிடந்தால் அது பாசி அல்ல, கடற்புல். கடற்பசு மேயும் புல். மக்கச் செய்து எருவாக்கலாம், கரைசலுக்கு ஏற்றதில்லை. துறைமுகம், சாக்கடை முகத்துவாரம், அனல்மின் நிலையம் இருக்கிற கரையில் ஒதுங்கியதைத் தொடவே வேண்டாம். பழுப்புப் பாசியில் உள்ள ஆல்ஜினேட் என்ற பசை, தண்ணீரிலுள்ள கன உலோகங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கழிவுநீரைச் சுத்திகரிக்கக் கட்டக்கோரையைப் பயன்படுத்தலாமா என்று ஆராய்கிற அளவுக்கு அதற்கு அந்தக் குணம் உண்டு. எண்ணூர்ப் பக்கம் ஒதுங்கிய பாசியை வீட்டுக் கீரைக்கு ஊற்றுவது எனக்குச் சம்மதமில்லை.

உப்பு விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. காயவைக்காத பச்சைப் பாசி ஒரு கிலோவை அப்படியே டிரம்மில் போட்டால், இலை இடுக்கில் தேங்கிய கடல்நீரும் மணலும் சேர்ந்தே இறங்கும். அதனால் கழுவ வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ‘தென்னந்தோப்பில் கடல்பாசியை அப்படியேதானே போடுவாங்க, எங்க தாத்தா கழுவினாரா?’ என்று கேட்பவர்களும் உண்டு. தென்னை உப்பைத் தாங்கும் மரம், சில இடங்களில் தென்னைக்குக் கறியுப்பே போடுவார்கள். பீன்ஸுக்கு அந்தத் தெம்பு இல்லை. உப்புக்கு முதலில் சுருள்கிற செடிகளில் அது ஒன்று.

மறுபக்கத் தவறுதான் அதிகம் பேசப்படாதது. உப்புக்குப் பயந்து ராத்திரி முழுக்க ஊறவைத்து, மூன்று நாலு முறை தண்ணீர் மாற்றி, கடைசியில் சக்கையைப் புளிக்க வைப்பார்கள். பாசியின் செல்லுக்குள் இருப்பதில் பெரும்பங்கு பொட்டாசியம், அது தண்ணீரில் சட்டென்று கரைந்துவிடும். காய்ந்த கப்பாஃபைகஸின் மேல் வெள்ளையாகப் பூத்திருப்பதைக் கடல் உப்பு என்று தட்டி உதறுகிறோம். அதில் பெரும்பகுதி பொட்டாசியம் குளோரைடு, அதாவது கடையில் மூட்டை போட்டு விற்கிற மியூரேட் ஆஃப் பொட்டாஷ்! சாம்பல் சத்தைச் சாக்கடையில் விட்டுவிட்டு மிச்சத்தைச் செடிக்குக் கொடுக்கிறோம். பைப்பைத் திறந்து ஒரு அலசு, மணல் போக இன்னொரு அலசு. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கழுவுகிற தண்ணீரும் கலக்குகிற தண்ணீரும் நல்லதா என்று பாருங்கள். கரையோர ஊர்களில் போர் தண்ணீரே உவர்ப்பு. அதில் பாசியை ஊறவைத்துவிட்டுப் பாசியைக் குறை சொல்லிப் பயனில்லை. மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதைவிடச் சிறந்தது கிடையாது.

டிரம்முக்குள்

நான் போடும் கணக்கு: அலசிய பச்சைப் பாசி 1 கிலோ, தண்ணீர் 5 லிட்டர், ஒரு கைப்பிடி வெல்லம். காய்ந்த பாசி என்றால் 150 கிராம் போதும். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். பச்சைக்குச் சொன்ன ஒரு கிலோவைக் காய்ந்ததற்கும் போட்டுவிடுவார்கள். காய்ந்த ஒரு கிலோ என்பது பச்சையில் ஆறேழு கிலோ. ஊறி உப்பிக்கொண்டு டிரம்மின் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும்.

மீன் கழிவை வெல்லத்தோடு புளிக்கவைத்து மீன் அமிலம் செய்து பழகியவர்கள் இங்கும் சரிக்குச் சரி வெல்லம் போடுகிறார்கள். மீனில் புரதம் அதிகம், வெல்லம் குறைந்தால் அழுகிவிடும், அதனால் அங்கே அந்த அளவு. பாசியில் அவ்வளவு புரதம் கிடையாது. வெல்லத்தை வாரிக் கொட்டினால் எறும்பு வரும், தெளித்த இலையில் கரும்பூஞ்சை பிடிக்கும், காசும் போகும்.

இரும்பு டிரம், தகர டின் வேண்டாம், உப்பு அரித்துவிடும். பிளாஸ்டிக் வாளியோ மண்பானையோ போதும். மூடியை இறுக்கித் திருகாதீர்கள். புளிக்கும்போது வாயு கிளம்பும். தண்ணீர் கேனில் ஊற்றி மூடி வைத்து, மூன்றாம் நாள் மொட்டைமாடிச் சுவரெல்லாம் பாசி அடித்த அனுபவம் எனக்கு உண்டு. துணி கட்டி, மேலே தட்டு கவிழ்த்து, நிழலில் வைத்து, தினம் ஒரு தடவை குச்சியால் கலக்கிவிடுங்கள்.

நாற்றம் அடிக்குமா? அடிக்கும். கடற்கரைக் கருவாட்டு வாடை மாதிரி அடித்தால் சரி. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் உள்ளே காற்றே இல்லை, பாசியிலுள்ள கந்தகம் ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாறுகிறது என்று பொருள். ‘நாறினால்தான் சத்து’ என்று அதைப் பெருமையாகச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது விஷ வாயு. 2011-லிருந்து கரீபியன் தீவுகளின் கரையில் கட்டக்கோரை இனப் பாசி மலைமலையாக ஒதுங்கி அழுகுகிறது. மார்டினிக், குவாதலூப் தீவுகளில் அந்த வாயுவால் தலைவலி, மூச்சுத்திணறல் என்று ஆட்கள் மருத்துவமனைக்குப் போகும்படி ஆனது. ஒரு வாளியால் அந்த அளவு ஆபத்து வராது. ஆனாலும் குளியலறையிலோ மூடிய ஸ்டோர் ரூமிலோ வைத்துப் புளிக்க வைக்க வேண்டாம். நம் வெயிலுக்கு மூன்று நாலு வாரத்தில் பாசி குழைந்து அடியில் தங்கிவிடும், அப்போது வடிகட்டலாம். பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து வடிகட்டாவிட்டால் ஸ்பிரேயர் நாசில் அடைத்துக்கொள்ளும். சக்கை கம்போஸ்ட் தொட்டிக்கு.

அளவுதான் எல்லாம்

முதல் முறை செய்தபோது ஒரு பங்கு கரைசலுக்கு மூன்று பங்கு தண்ணீர் சேர்த்துத் தக்காளிக்கு ஊற்றினேன். தேநீர் நிறத்தில் பார்க்கவே திடமாக இருந்தது, திருப்தியாகவும் இருந்தது. ஒரு வாரத்தில் இலை ஓரம் தீய்ந்தது, குரோ பேக்கின் விளிம்பில் வெள்ளைப் படலம். அப்புறம்தான் சமையலறை ஃபில்டர் தண்ணீரைச் சோதிக்க வாங்கிய, கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை அதில் முக்கிப் பார்க்கத் தோன்றியது. 2000 பிபிஎம்மை, அதாவது லிட்டருக்கு 2 கிராமைத் தாண்டிய தண்ணீரைப் பாசனத்துக்குப் பயன்படுத்தினால் கடும் கட்டுப்பாடு தேவை என்கிறது ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு. என் கலவை அதை எப்போதோ தாண்டியிருந்தது. இப்போது மீட்டரைப் பார்க்காமல் ஊற்றுவதில்லை. கலந்த பிறகு 1000-க்குள் இருக்க வேண்டும், பீன்ஸுக்கும் நாற்றுக்கும் இன்னும் கீழே.

உப்பு மட்டுமல்ல காரணம். பாசியில் இருக்கும் சைட்டோகைனின், ஆக்சின் போன்றவை செடியின் வளர்ச்சிக்குக் கட்டளை கொடுக்கிற ஹார்மோன்கள். துளி அளவில் வேர் ஓடும், பக்கக் கிளை வெடிக்கும். கூடிப்போனால் அதே பொருள் வேரை ஒடுக்கும். பெருங்காயம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்லதாயிற்றே என்று யாரும் கரண்டி கரண்டியாகப் போடுவதில்லை.

அளவை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதிலும் குழப்பம். இஃப்கோ உரக் கூட்டுறவு நிறுவனம் விற்கிற சாகரிகா என்ற பாசித் திரவத்தை லிட்டருக்கு 2.5 மில்லி கலக்கச் சொல்கிறார்கள். அது ஆலையில் செறிவாக்கிய சாறு, நம் வாளித் தண்ணீருக்கு அந்த அளவு பொருந்தாது, கலந்தும் கலக்காததுமாக இருக்கும். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் பத்து சதவீதம், பதினைந்து சதவீதம் என்று வருவது பச்சைக் கப்பாஃபைகஸைப் பிழிந்த நேர்ச் சாறு. வெல்லம் போட்டுப் புளிக்கவைத்ததற்கு அதையும் எடுக்கக் கூடாது. மேலே சொன்ன கணக்கில் செய்த கரைசலுக்கு நான் வைத்திருக்கும் அளவு, வேருக்கு லிட்டருக்கு 50 மில்லி, இலைக்கு 20 மில்லி, பதினைந்து நாளுக்கு ஒரு முறை. காலை வெயில் ஏறுவதற்குள், அல்லது மாலை நாலரைக்கு மேல்.

இதை மட்டும் கொடுத்துச் செடி வளர்க்க நினைப்பது இன்னொரு பெரிய பிழை. தழைச்சத்து (நைட்ரஜன்) பாசியில் கொஞ்சம்தான், மணிச்சத்து (பாஸ்பரஸ்) அதைவிடக் கம்மி. காய்ந்த பாசியிலேயே நூற்றுக்கு ஒன்று அளவுக்குத்தான் தழைச்சத்து நிற்கும். அதை ஊறவைத்து, வடித்து, இருபது மடங்கு தண்ணீரும் சேர்த்த பிறகு என்ன மிஞ்சும்? இந்திய அரசு 2021-ல் உரக் கட்டுப்பாட்டு ஆணையைத் திருத்தியபோது பாசிச் சாறுகளை உயிரி ஊக்கிகள் என்று தனி வகையாக்கியது, அதுதான் சரியான பெயர். பசியாற்ற மண்புழு உரமோ ஊறவைத்த கடலைப் புண்ணாக்கோ வேண்டும். அடியிலை வெளிறி மஞ்சளாகிறது என்றால் பாசிக் கரைசலைக் கூட்டாதீர்கள், புண்ணாக்கைக் கூட்டுங்கள்.

கீரை, கொத்தமல்லி மாதிரி இலையை அப்படியே தின்கிற செடிகளுக்கு இலையில் தெளிப்பதை நான் விட்டுவிட்டேன், வேருக்கு மட்டும்தான். புளித்த தண்ணீரை இலையில் அடித்து மறுநாள் பறித்துச் சாப்பிட மனசு வரவில்லை. இன்னொன்று, கட்டக்கோரையின் உறவுப் பாசியான ஹிஜிகியில் ஆர்சனிக் மிகுதி என்று கனடா, பிரிட்டன் அரசுகள் உண்ணவேண்டாம் என்றே சொல்லியிருக்கின்றன. நீர்த்துப்போன கரைசலில் அந்த அளவுக்குப் பயம் வேண்டாம், ஆனால் வாரம் இருமுறை ஒரே தொட்டியில் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

வடித்ததை ஒன்றிரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். கடைத் திரவம் வருஷக்கணக்கில் நிற்பது அதில் பதப்பொருள் இருப்பதால்.

புதுக் கரைசல் எதையும் நேராகச் செடிக்குக் கொண்டுபோகாமல் முதலில் வெந்தயத்தில் பாருங்கள். இரண்டு கிண்ணத்தில் நனைந்த துணி, ஒவ்வொன்றிலும் இருபது வெந்தயம். ஒன்றுக்கு வெறும் தண்ணீர், இன்னொன்றுக்குச் செடிக்குக் கலந்த அதே அளவில் கரைசல். மூன்றாம் நாள் முளையின் நீளத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கரைசல் கிண்ணத்தில் முளை குட்டையாகவோ நுனி பழுப்பாகவோ இருந்தால் இன்னும் ஒரு மடங்கு தண்ணீர் சேர்த்து மறுபடி வையுங்கள். போன தடவை எனக்கு இரண்டு முறை நீர்க்க வேண்டியிருந்தது. அந்தப் பாசியைத் தந்தவர் ‘நல்லா அலசிட்டேன்’ என்றுதான் சொன்னார்.