கடற்கரை மாவட்டத்தில் தடயப் படப்பிடிப்பாளர்களை மேற்பார்வையிடுவது எப்படி

குற்றம் நடந்த இடத்தைப் பிறகொரு நாள் அதே நிலையில் பார்க்க முடியாது. ராமநாதபுரம் கடற்கரையில் அந்த இடம் அன்றைக்கே மாறிவிடுகிறது: தனுஷ்கோடி மணலில் பதிந்த காலடியைக் கச்சான் காற்று தூர்த்துவிடுகிறது, மண்டபத்தில் கரை சேர்ந்த படகு அடுத்த தொழிலுக்குத் தயாராகிவிடுகிறது, தொண்டியில் ஒதுங்கிய உடல் வெயிலில் நிறம் மாறிக்கொண்டே போகிறது. ஆகவே இங்குள்ள படப்பிடிப்புப் பிரிவுக்குப் பொறுப்பேற்கும் அதிகாரி, படங்கள் மேசைக்கு வந்தபின் குறை சொல்பவராக இருந்தால் பயனில்லை. அந்தக் குறையைத் தீர்க்கச் சம்பவ இடம் காத்திருக்காது. மேற்பார்வையின் பெரும்பகுதி கேமரா புறப்படும் முன்பும், மெமரி கார்டு திரும்பி வந்தவுடனும் நடக்க வேண்டும்.

புறப்படும் முன் பார்க்க வேண்டியவை சில. கேமராவின் தேதியும் நேரமும் இந்திய நேரத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று ஒவ்வொரு பணி மாற்றத்தின்போதும் சரிபார்த்துப் பதிவேட்டில் கையொப்பம் வாங்க வேண்டும். ஐந்து நிமிட வித்தியாசம்கூடக் குறுக்கு விசாரணையில் பெரிய கேள்வியாகிவிடும். ஒவ்வொரு வழக்கிற்கும் வெற்றுக் கார்டு தர வேண்டும், முந்தைய வழக்கின் படங்கள் அதில் இருக்கக் கூடாது. குளிர்சாதன அறையிலிருந்து நேரே கடற்கரைக்கு எடுத்துச் சென்று பையைத் திறந்தால் லென்சில் நீர் கோத்துக்கொள்ளும் என்பதால், பையை மூடியபடியே ஜீப்பில் வைத்துக் கேமரா வெளி வெப்பத்துக்குப் பழகிய பிறகு திறக்கச் சொல்லுங்கள். உப்புக் காற்று படிந்த கண்ணாடியை உலர்ந்த துணியால் தேய்க்கவே கூடாது. உப்புத் துகள் கீறிவிடும். முதலில் ஊதி, பின்னர் லேசாக ஈரம் தொட்ட துணியால் ஒற்றி எடுத்து, அதன் பிறகே உலரத் துடைக்க வேண்டும்.

சம்பவ இடத்தில் வரிசை முறை பிசகக் கூடாது. முழு இடத்தையும் நான்கு மூலைகளிலிருந்தும் எடுத்த பிறகு, ஒவ்வொரு தடயமும் அருகிலுள்ள நிலையான பொருளோடு சேர்ந்து தெரியும்படி நடுத்தூரப் படமும், அதன்பின் அண்மைப் படமும் எடுக்க வேண்டும். அண்மைப் படம் முதலில் அளவுகோல் இல்லாமலும், அடுத்து அளவுகோலுடனும் இருக்க வேண்டும். அளவுகோலை வைக்கும்போது தடயத்தின் எந்தப் பகுதியும் மறைக்கப்படவில்லை என்பதற்கு முதல் படமே சாட்சி. தடய எண் அட்டைகள் விசாரணை அதிகாரி இடத்தைப் பார்த்து எழுதும் பதிவான பார்வை மகஜரிலும் மாதிரி வரைபடத்திலும் உள்ள எண்களோடு பொருந்துகின்றனவா என்பதை, இடத்தை விட்டுக் கிளம்பும் முன்பே ஒப்பிட்டுப் பார்க்கச் செய்வது உங்கள் கடமை. மகஜரில் மூன்றாவது பொருளாக இருக்கும் செருப்பு படத்தில் ஐந்தாம் எண்ணோடு இருந்தால், நல்ல படமும் வழக்குக்கு உதவாமல் போகும்.

மணலில் பதிந்த காலடியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தக் கரையில் மிக அதிகமாகப் பாழாகும் தடயம் அதுதான். ராமேசுவரம் தீவு ஏறத்தாழ 9.3 பாகை வட அகலாங்கில் இருப்பதால் ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் இறுதியிலும் நண்பகலில் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். நிழலே விழாததால் வெண்மணலில் பள்ளமும் மேடும் படத்தில் ஒன்றாகிவிடும். அப்போது கித்தான் விரிப்பையோ பெரிய குடையையோ பிடித்து வெயிலை முழுவதும் மறைத்து, கேமராவிலிருந்து பிரித்தெடுத்த பிளாஷை நான்கைந்து அடி தள்ளித் தரையோடு ஒட்டிய சாய்வில் வைத்து, குறைந்தது மூன்று திசைகளிலிருந்து ஒளி பாய்ச்சித் தனித்தனிப் படங்கள் எடுக்க வேண்டும். கேமரா ட்ரைபாடில், காலடியின் தளத்துக்கு இணையாகக் கவிழ்ந்து நிற்க வேண்டும். சற்றே சாய்ந்தாலும் நீள அகலம் தவறாகத் தெரியும், பிறகு செருப்போடு ஒப்பிட முடியாது. அளவுகோலை மணலின் மேற்பரப்பில் வைப்பது பரவலான பிழை. காலடிக்குப் பக்கத்தில் சிறிய பள்ளம் பறித்து, தடத்தின் அடித்தளம் எவ்வளவு ஆழமோ அதே ஆழத்தில் அளவுகோலைக் கிடத்தினால்தான் அளவு சரியாக வரும். தடத்துக்குள் விழுந்து கிடக்கும் சருகையோ சிப்பியையோ முதல் படம் எடுக்கும்வரை யாரும் தொடக் கூடாது. இவ்வளவும் முடிந்த பிறகே, தடத்தில் சாந்து ஊற்றி வார்ப்பு எடுப்பவர் நெருங்கலாம்.

புதிதாகச் சேர்ந்தவரை வழக்குக்கு அனுப்பும் முன், அரிச்சல்முனை மணலில் உங்கள் காலடியையே பதித்து இதை முழுவதுமாகச் செய்யச் சொல்லுங்கள். மறுநாள் அதே செருப்பைப் படத்தோடு வைத்து ஒப்பிட்டால், எங்கே சாய்ந்தது, எங்கே ஒளி போதவில்லை என்பதை அவரே கண்டுகொள்வார்.

கரை ஒதுங்கிய உடலைப் படமெடுப்பது இங்கு அடிக்கடி நேரும் பணி. உடலை நகர்த்தும் முன் கிடந்த நிலையையும் அலைக்கோட்டிலிருந்து அதன் தூரத்தையும் பதிவு செய்ய வேண்டும். முகத்தை நேராகவும் இரு பக்கங்களிலும், கழுவும் முன்பும் கழுவிய பின்பும் எடுக்க வேண்டும். நீரில் ஊறிய முகம் உறவினருக்கே அடையாளம் தெரியாமல் போகக்கூடும் என்பதால் பச்சை குத்திய எழுத்து, அரைஞாண், மோதிரம், சட்டையின் தையற்கடைச் சீட்டு போன்றவற்றுக்குத் தனித்தனி அண்மைப் படங்கள் தேவை. நண்டும் மீனும் கடித்த காயங்களையும் மற்றக் காயங்களையும் பிரித்துச் சொல்வது மருத்துவரின் வேலை. படப்பிடிப்பாளர் இரண்டையும் ஒரே கவனத்தோடு அளவுகோல் வைத்து எடுக்க வேண்டும், எது முக்கியம் என்று அவர் முடிவு செய்யக் கூடாது. குடும்பத்தார் கரையில் நின்றால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் திரையிடுவதும், தேவைக்கு மேல் உடலைத் திறந்து வைக்காமல் இருப்பதும் பணி ஒழுங்கின் பகுதியே.

படகுகளைப் பொறுத்தவரை பதிவெண், இயந்திர எண், மீன் அறை, புதிதாகப் பூசிய வண்ணத்தின் ஓரம் ஆகியவை தவறாமல் பதிவாக வேண்டும். 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தடை செய்யப்பட்ட கடல் அட்டை பிடிபட்டால், மூட்டையைத் திறக்கும் முன்பும், திறந்த நிலையிலும், எடைத் தராசின் எண் தெரியும்படியும் எடுக்க வேண்டும். சோதனையும் கைப்பற்றுதலும் ஒலி, ஒளிப் பதிவு செய்யப்பட வேண்டும் என்று 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு கூறுகிறது. அந்தப் பதிவைத் தாமதமின்றி நீதித்துறை நடுவருக்கோ பிரிவில் சொல்லப்பட்ட மற்ற நடுவர்களுக்கோ அனுப்பியாக வேண்டும்.

கார்டு திரும்பியதும் எவரும் படங்களைத் திறந்து பார்க்கும் முன், கார்டில் எதுவும் எழுதப்படாதபடி தடுக்கும் கார்டு ரீடர் வழியாக நகலெடுத்து, ஹாஷ் மதிப்பை (கோப்பில் சிறு மாற்றம் நேர்ந்தாலும் மாறிவிடும் எண்-எழுத்துத் தொடரை) கணக்கிட்டுப் பதிவேட்டில் எழுத வேண்டும். பாரதிய சாக்‌ஷ்ய அதினியம் என்னும் சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவோடு தாக்கல் செய்யும் சான்றிதழில் இந்த மதிப்பைக் குறிப்பிட வேண்டியிருக்கிறது. அதன் முதல் பகுதியிலும் நிபுணர் நிரப்பும் இரண்டாம் பகுதியிலும் யார் கையொப்பமிடுவார் என்பதை வழக்கு வந்த பிறகு தேடாமல் முன்கூட்டியே முடிவு செய்துவையுங்கள். மங்கலான படத்தையும் அழிக்கக் கூடாது. 412ஆம் எண்ணுக்கு அடுத்து 415 வந்தால், நடுவில் இருந்த இரண்டு படங்களில் என்ன இருந்தது என்ற கேள்விக்கு நேர்மையான படப்பிடிப்பாளராலும் விடை சொல்ல முடியாது. ஒளியைத் திருத்துவதெல்லாம் நகலில் மட்டுமே, என்ன செய்தோம் என்ற குறிப்போடு.

விசாரணை அதிகாரி அவசரமாகக் கேட்கிறார் என்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்பும் பழக்கத்தை எந்தச் சூழலிலும் அனுமதிக்காதீர்கள். அதில் படம் சுருங்கிப் பதிவு விவரங்களையும் இழக்கிறது என்பது ஒரு காரணம். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளம் வெளியாவது பாரதிய நியாய சன்ஹிதா என்னும் தண்டனைச் சட்டத்தின் 72ஆம் பிரிவின் கீழ் குற்றம் என்பது அதைவிடப் பெரிய காரணம். ஒரு பெண்ணின் வாழ்க்கையை ஒரு பகிர்வு நொறுக்கிவிடும்.

தரத்தை அளக்க நான் பரிந்துரைப்பது ஒரே ஒரு சோதனை. சம்பவ இடத்துக்குப் போகாத ஒருவரிடம் படங்களை மட்டும் கொடுத்து, அவற்றைக் கொண்டே மாதிரி வரைபடம் வரையச் சொல்லுங்கள். பிறகு விசாரணை அதிகாரியின் வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். கதவு எந்தப் பக்கம், கிணறு எவ்வளவு தூரம், கடல் எந்தத் திசையில் என்று அவர் தடுமாறும் இடமெல்லாம் நடுத்தூரப் படம் விடுபட்ட இடம். படம் அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதைவிட இது பன்மடங்கு பயனுள்ளது, எடுத்தவர் மனம் நோகாமல் கற்றுக்கொள்ளவும் இடம் தருகிறது.

குழந்தைகளின் உடலைத் தொடர்ந்து ஒருவரே படமெடுக்கும்படி பணிப் பட்டியல் போடாதீர்கள். அந்தப் பணிக்குப் பின் அவரோடு உட்கார்ந்து பேசுங்கள், வேண்டுமானால் மனநல ஆலோசனைக்கு வழி செய்யுங்கள். சாட்சியம் சொல்லும் நாளுக்கு முன் அவருடைய களக்குறிப்பையும் படங்களையும் சேர்த்து வைத்து, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கக்கூடிய கேள்விகளை நீங்களே கேட்டுப் பயிற்சி கொடுக்க வேண்டும். எந்த லென்ஸ், எந்தத் தூரம், எந்த நேரம், யார் உடனிருந்தார் என்பவற்றுக்குக் குறிப்பைப் பார்த்து விடை சொல்லலாம். காயம் எப்படி ஏற்பட்டது என்று கேட்டால், அது தன் துறை அன்று என்று தயங்காமல் சொல்லப் பழக்குங்கள்.