ஒரு அரசாங்கக் கொள்கையை லிபர்டேரியன் கண்ணால் பிரித்து மேய்வது எப்படி?

தனிமனித சுதந்திரம்தான் முதலில், அரசு முடிந்தவரை தலையிடக்கூடாது என்பவர்தான் லிபர்டேரியன். ஆனால் லிபர்டேரியன் என்றாலே வரி கட்டப் பிடிக்காத ஆள், முதலாளிகளுக்கு ஜால்ரா என்று ஒரு முத்திரை குத்தி முடித்துவிடுகிறோம். அவர்களோடு ஒத்துப்போகிறீர்களோ இல்லையோ, ஒரு சட்டத்தையோ போரையோ அவர்கள் துருவுகிற முறையைக் கற்றுவைத்துக்கொள்ளலாம். ஒன்றும் கஷ்டமில்லை.

முதலில் நோக்கத்தை ஓரமாக வையுங்கள், ஏனென்றால் கெட்ட நோக்கம் என்று சொல்லிக்கொண்டு எந்தச் சட்டமும் வருவதில்லை. இது யாரை எதைச் செய்யவிடாமல் தடுக்கிறது, அதற்கான காசு யார் பாக்கெட்டிலிருந்து போகிறது என்று மட்டும் பாருங்கள். அவர்கள் அடிக்கடி இழுக்கிற உதாரணம் அமெரிக்காவின் ஜோன்ஸ் சட்டம். 1920-இல் வந்தது, கொண்டுவந்தவர் வாஷிங்டன் மாநில செனட்டர் வெஸ்லி ஜோன்ஸ். அமெரிக்கத் துறைமுகம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சரக்குப் போக வேண்டுமானால் கப்பல் அமெரிக்காவில் கட்டியதாக இருக்க வேண்டும், அமெரிக்கருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், அமெரிக்கக் கொடி பறக்க வேண்டும், மாலுமிகளிலும் பெரும்பாலோர் அமெரிக்கர்களாக இருக்க வேண்டும். போர் வந்தால் சொந்தக் கப்பல் கையில் இருக்கும் என்பது நியாயம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

இப்போது கண்ணில் படாத பக்கத்துக்கு வாருங்கள். போர்ட்டோ ரீகோ ஒரு தீவு, அமெரிக்காவின் ஆளுகையில் இருப்பது. அமெரிக்காவே எல்என்ஜியை, அதாவது திரவமாக்கிய இயற்கை எரிவாயுவை, உலகத்துக்கு ஏற்றுமதி செய்கிற நாடு. ஆனால் இந்தச் சட்டத்துக்குப் பொருந்துகிற எல்என்ஜி கப்பல் பல ஆண்டுகளாக ஒன்றுகூட இல்லாததால், போர்ட்டோ ரீகோ டிரினிடாட் போன்ற வெளிநாடுகளிலிருந்து எரிவாயு வாங்கிக்கொண்டிருந்தது. 2017 செப்டம்பரில் மரியா புயல் தீவைப் புரட்டிப்போட்டது. ஒரு வாரம் கழித்து, நிவாரணச் சரக்கு சீக்கிரம் போகட்டும் என்று அரசே அந்தச் சட்டத்தைப் பத்து நாளுக்கு நிறுத்திவைத்தது. லிபர்டேரியன் அங்கேதான் பிடித்துக்கொள்வார்: பத்து நாள் தளர்த்தினால் நல்லது என்றால் பதினோராவது நாள் மட்டும் அது எப்படிக் கெட்டதாகிறது?

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தச் சட்டத்தைக் கட்டிக் காப்பதில் முன்னால் நிற்பவர்கள் கப்பல் கட்டும் கம்பெனிகளும் மாலுமிகள் சங்கங்களும். அவர்களுக்கு லாபம் எவ்வளவு என்று துல்லியமாகத் தெரியும். கடையில் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்துவிட்டுப் போகிற தீவுக்காரருக்கு எதற்காகக் கொடுக்கிறோம் என்றே தெரியாது. ஆக, கம்பெனிக்கு நல்லதும் சந்தைக்கு நல்லதும் ஒன்றல்ல. இதைக் குழப்பிக்கொண்டால் மேலே போக முடியாது.

அப்புறம் வெளியுறவு. இங்கேதான் பலரும் ஆளே மாறிவிடுகிறார்கள். உள்ளூரில் ஒரு கிலோ வெங்காயத்தின் விலையைக்கூட அரசு சரியாக நிர்ணயிக்க முடியாது என்று வாதாடியவர், அதே அரசு பத்தாயிரம் கிலோமீட்டர் தாண்டிப் போய் மொழி தெரியாத ஒரு நாட்டைப் புதிதாகக் கட்டி எழுப்பும் என்று நம்புவார். பரவிக் கிடக்கிற விவரங்கள் மேலே உட்கார்ந்திருப்பவரிடம் ஒருநாளும் முழுதாகச் சேராது என்று பொருளாதார அறிஞர் ஹயக் 1945-இல் எழுதியது பொருளாதாரத்தைப் பற்றித்தான், ஆனால் 2003-இல் அமெரிக்கா படையெடுத்த இராக்குக்கும் அப்படியே பொருந்தும். அந்த ஆண்டு மே மாதம், இராக்கை நிர்வகிக்க அமெரிக்கா அனுப்பிய பால் பிரெமர் ஒரே உத்தரவில் இராக் ராணுவத்தைக் கலைத்தார். ஆயுதப் பயிற்சி பெற்ற லட்சக்கணக்கானவர்கள் வேலையில்லாமல் தெருவுக்கு வந்தார்கள். 2002 அக்டோபரில் அந்தப் போருக்கு அனுமதி தரும் தீர்மானத்தை அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையில் எதிர்த்து வாக்களித்த குடியரசுக் கட்சிக்காரர்கள் ஆறே பேர், அதில் ஒருவர் லிபர்டேரியனான ரான் பால். போரைத் தொடங்கும் கையெழுத்து யாருடையது என்றும் பாருங்கள். போர் அறிவிக்க வேண்டியது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ். அது முறைப்படி கடைசியாகப் போர் அறிவித்தது 1942-இல். அதன்பிறகு எத்தனை போர்!

பொருளாதாரத் தடை என்றால், அது முதலில் யார் கையைக் கட்டுகிறது என்று கேளுங்கள். கியூபா மீதான தடையில் 1962-இல் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கென்னடி தன் பத்திரிகைச் செயலாளரை விட்டு 1,200 கியூபச் சுருட்டு வாங்கிவைத்துக்கொண்டார் என்று அந்தச் செயலாளர் பியர் சாலிஞ்சரே பிறகு எழுதினார். சாதாரண அமெரிக்கருக்கு அந்த வசதி இல்லை. காஸ்ட்ரோவோ அதன்பிறகும் நாற்பது வருஷத்துக்கு மேல் நாற்காலியில் இருந்தார்.

இந்த முறை எல்லாவற்றுக்கும் விடை தராது. உக்ரைன் விஷயத்தில் 2023-இல் அர்ஜென்டினா அதிபரான ஹவியேர் மிலே, பதவியேற்றபோது ஜெலென்ஸ்கி பக்கம் நின்றார், ரான் பாலோ உதவியே கூடாது என்றார். இருவரும் சுதந்திரத்தின் பெயரால்தான் பேசினார்கள். பெயர்ப்பலகையை வைத்து ஆளை எடைபோடவும் வேண்டாம். பெர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்யம் என்று சாடி 1959-இல் சுதந்திராக் கட்சி தொடங்கிய ராஜாஜிதான், அதற்கு முன்பு மதராஸ் முதல்வராக மதுவிலக்கையும் பள்ளிகளில் கட்டாய இந்தியையும் கொண்டுவந்தவர்.

சரி, பழகிப் பார்க்க ஒன்று. 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது, உள்நாட்டில் விலை ஏறக்கூடாது என்று. அமெரிக்காவில் இந்தியக் கடைகளில் மூட்டை மூட்டையாக அள்ளினார்கள், அந்த வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். ஆகஸ்டில் சிங்கப்பூருக்கு, சிறப்பு உறவு என்று சொல்லி, அரிசி அனுப்ப அனுமதி கிடைத்தது; பூட்டானுக்கும் மொரீஷியஸுக்கும்கூடக் கிடைத்தது. 2024 செப்டம்பரில் தடை போய்விட்டது. இடைப்பட்ட பதினான்கு மாதத்தில் உள்நாட்டு விலை குறைந்திருந்தால் அதில் யார் மிச்சம் பிடித்தார்கள், வெளிநாட்டு விலை கிடைக்காமல் எந்த விவசாயி விட்டுக்கொடுத்தார், எந்த நாட்டுக்கு அரிசி போகலாம் என்று முடிவு செய்யும் பேனா யார் கையில் இருந்தது? ஒரு தாளில் மூன்று பத்தி போட்டு எழுதிப் பாருங்கள். மூன்றாவது பத்திக்குத்தான் இடம் பத்தாது.