பள்ளிக்குப் பொம்மலாட்டக் கலைஞரை அழைப்பது எப்படி?

முதன்முறை நான் ஏற்பாடு செய்த பொம்மலாட்டத்தில் பொம்மையே தெரியவில்லை. நிழல் பாவைக் கலைஞரை அழைத்துவிட்டு, காலை வெயில் நேராக விழும் கூடத்தை அவருக்கு ஒதுக்கியிருந்தேன். சன்னல்களுக்குத் திரைச்சீலை கிடையாது. வெள்ளைத் திரையில் நிழலும் விழவில்லை, கதையும் நகரவில்லை. அவர் பொறுமைசாலி, திரைக்கு முன்னால் வந்து, பாவைகளை ஒவ்வொன்றாகக் கையில் பிடித்துக் காட்டியே கதையை முடித்தார். அதற்குப் பிறகு நான் கடைப்பிடிக்கும் முறை இது.

படி 1: எந்த வகை?

பொம்மலாட்டம் என்ற ஒரே சொல்லுக்குள் பல கலைகள் இருக்கின்றன. கையில் மாட்டி ஆட்டும் கையுறைப் பொம்மைக்கு வகுப்பறையே போதும். ஆனால் நூறு பேர் உட்கார்ந்தால் கடைசி வரிசைக்கு அதன் முகம் தெரியாது. நூல் பொம்மைக்கு நல்ல உயரம் வேண்டும். நிழல் பாவைக்கு இருட்டு வேண்டும் (இதை நான் சொல்லத் தேவையில்லை). கோலில் பொருத்திய பெரிய பொம்மைகள் கூட்டம் அதிகமான இடத்துக்குத் தோதானவை. உங்களிடம் இருக்கும் இடத்தைப் பார்த்து வகையை முடிவு செய்யுங்கள்.

படி 2: கலைஞரைத் தேடுவது

பக்கத்துப் பள்ளிகள், நூலகங்கள், நாடகக் குழுக்களிடம் விசாரியுங்கள். 1929இல் பிராகா நகரில் தொடங்கப்பட்ட யுனிமா என்ற பன்னாட்டுப் பொம்மலாட்ட அமைப்புக்குப் பல நாடுகளில் கிளைகள் உண்டு, அங்கும் கேட்கலாம். மார்ச் 21 உலகப் பொம்மலாட்ட நாள். அந்த வாரத்தில்தான் வேண்டுமென்றால் பல மாதங்களுக்கு முன்பே பேசிவிடுங்கள்.

படி 3: முதல் பேச்சு

பெரும்பாலோர் கட்டணத்தில் தொடங்குவார்கள். நான் "உங்களுக்கு என்னென்ன தேவை?" என்று தொடங்குகிறேன். எத்தனை பேர் வருவார்கள்? ஜப்பானின் புன்ராக்கு மரபில் ஒரே பொம்மையை மூன்று பேர் இயக்குவார்கள். ஆகவே ஒரு பொம்மைக்கு ஓர் ஆள் என்று கணக்குப் போடாதீர்கள். மேடை கட்ட எவ்வளவு நேரம், மின்இணைப்பு எங்கே, ஒலிபெருக்கி யாருடையது, கதை என்ன என்பதையும் கேளுங்கள். பொம்மைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதே நகைச்சுவை என்று சில கதைகள் போகும்; அது உங்கள் ஒன்றாம் வகுப்புக்கு ஒத்துவருமா என்பதை முன்கூட்டியே முடிவு செய்வது நல்லது.

கையைத் தலைக்கு மேல் தூக்கியபடி அரை மணி நேரம் நின்று பாருங்கள். ஒரே நாளில் ஐந்து காட்சி கேட்கும் ஆசை போய்விடும். இரண்டு காட்சி, நடுவில் நல்ல ஓய்வு, அது போதும். கட்டணம், பயணச்செலவு, நிகழ்ச்சி ரத்தானால் என்ன செய்வது, படம் பிடிக்கலாமா என்பதையெல்லாம் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: கூடம்

சிறியவர்கள் முன்னால், தரையில். முதல் வரிசைக்கும் திரைக்கும் நடுவே இரண்டு மீட்டராவது இடைவெளி இருக்கட்டும். இல்லையென்றால் ஒரு கை நீண்டு பொம்மையைப் பிடித்து இழுத்துவிடும். மின்கம்பிகளைத் தரையோடு ஒட்டிவிடுங்கள். பிறகு நீங்களே ஓரங்களில் போய் உட்கார்ந்து பாருங்கள்: அங்கிருந்து தெரிவது பொம்மையா, கலைஞரின் முழங்கையா?

படி 5: குழந்தைகளிடம் சொல்ல வேண்டியது

அதிகம் வேண்டாம். பெரிய முகங்களைக் கண்டு பயப்படும் குழந்தைகள் இருந்தால், ஒரு பொம்மையை முன்னதாகக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆசிரியர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும்: பொம்மை கேள்வி கேட்டால் குழந்தைகள் கத்தத்தான் செய்வார்கள். "உஷ்" வேண்டாம்.

படி 6: பட்டறை

காட்சி முடிந்ததும் கலைஞரை வழியனுப்பிவிட்டால் பாதிதான் கிடைத்தது. ஒரு வகுப்பையாவது அவரோடு ஒரு மணி நேரம் உட்கார வையுங்கள். 25 பேருக்கு மேல் வேண்டாம். வகுப்பாசிரியர் கூடவே இருக்க வேண்டும். கட்டுப்பாடு அவர் பொறுப்பு, கலை விருந்தினரின் பொறுப்பு.

வெட்டுவது, ஒட்டுவது என்று முழு நேரத்தையும் கரைப்பதுதான் வழக்கமான பிழை. பசை காய்வதற்குள் மணி அடித்துவிடும், பொம்மை ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்காது. பழைய காலுறைக்கு இரண்டு பொத்தான்களை முந்தைய நாளே கண்களாகத் தைத்து வைத்துவிடுங்கள். அன்று இயக்கம் மட்டும். பேசும்போது கட்டைவிரல் கீழே இறங்கி வாய் திறக்க வேண்டும். பழகாத கை, சொல்லின் ஒவ்வோர் அசைக்கும் வாயை மூடிக் காற்றைக் கடிக்கும். அடுத்தது பார்வை: பொம்மை கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினால் யாரும் நம்பமாட்டார்கள். மணிக்கட்டைச் சற்றே கீழே வளைத்தால் அது எதிரில் இருப்பவரைப் பார்க்கும். கடைசியாக, சும்மா இருக்கும்போதும் பொம்மை மூச்சுவிட வேண்டும். இந்த மூன்றும் வந்துவிட்டால் கதையைக் குழந்தைகளே பார்த்துக்கொள்வார்கள்.

படி 7: மறுநாள்

பொம்மைகளை அலமாரியில் பூட்டாதீர்கள். குழந்தைகளுக்கு எட்டும் உயரத்தில் ஒரு பெட்டி போதும். எங்கள் வகுப்பில் ஒரு காலுறைப் பொம்மைக்கு எண்ணத் தெரியாது. ஏழுக்கு அடுத்தது ஒன்பது என்று அது அடித்துச் சொல்லும். எழுந்து போய் அதற்கு எட்டைக் கற்றுக்கொடுக்க வகுப்பில் போட்டி நடக்கிறது.