ஹொக்கி காதல் நாவல்: பிடித்த பாகத்தை மட்டும் வாங்குங்கள்

ஐஸ் ஹொக்கி காதல் நாவல் தொடர் என்றால் முதல் பாகத்திலிருந்து வாங்கிச் சேர்க்க வேண்டாம். பின்னட்டைச் சுருக்கத்தை வாசித்து, பிடித்த பாகத்தை மட்டும் வாங்குங்கள். பெரும்பாலான தொடர்களில் அணி ஒன்றுதான். பாகத்துக்குப் பாகம் வேறு வீரர், வேறு காதல், கதையும் அதிலேயே முடிந்துவிடும். கொழும்பிலிருந்து திருகோணமலைக்குத் தருவிப்பவர்களுக்குத் தபால் செலவும் மிச்சம்.

தோழிக்குச் சிபாரிசு செய்தால், இது நம் பள்ளிக்கூடப் புல்தரை ஹொக்கி அல்ல என்று சொல்லிவிடுங்கள்: களத்தில் அணிக்கு 6 பேர், 20 நிமிடப்படி 3 பகுதி, சிறு தவறுக்கு 2 நிமிடம் வெளியே. அப்புறம் ஆட்டக் காட்சிகளும் ருசிக்கும்.

ஒரே சோடியின் கதை இரண்டு மூன்று பாகங்களுக்கு நீண்டால் இது சரிவராது. அவற்றை வரிசையாகத்தான் வாசிக்க வேண்டும்.